கணக்கு நோட்டைப் பிடுங்காமல் மாற்றம் கொண்டுவருவது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குள் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) வேலை பார்ப்பவன் நான். டெய்லர் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்று, கழுத்துப் பட்டி வைக்க எத்தனை நொடி ஆகிறது என்று எழுதிக்கொண்டிருப்பானே, அந்த ஆள் என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும். கொஞ்ச வருடமாக அந்த வேலையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. புது சாஃப்ட்வேர் வந்தால், லைனுக்கு டேப்லெட் வந்தால், சம்பள முறை மாறினால், "நீங்கதான் ஃப்ளோர்லயே இருக்கீங்க, நீங்களே பார்த்து ஓட வெச்சிருங்க" என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். பெரிய கார்ப்பரேட்டுகளில் இதற்கு சேஞ்ச் மேனேஜ்மெண்ட் என்று பெயர், தனி டிபார்ட்மெண்ட், தனி மேனேஜர், சுவரில் ஒட்ட போஸ்டர். எங்கள் ஊரில் அது ஐ.இ.க்காரன் செய்கிற ஓவர்டைம்.

சமீபத்தில் வேறு வேறு கம்பெனிகளில் இருக்கும் நண்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். லட்சக்கணக்கில் போட்டு சிஸ்டம் வாங்கியாச்சு, மாசக்கணக்கில் சிஸ்டமும் ஓடுது, நோட்டும் ஓடுது, நோட்டு எப்ப நிக்கும்? பதில் சொல்லப்போய் நீண்டுவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பழைய கணக்கு எப்படி ஓடியது என்று தெரிய வேண்டும். கட்டிங்கில் வெட்டிய துணியை சைஸ் வாரியாக பண்டல் போட்டு, மேலே ஒரு சீட்டு வைத்து லைனுக்கு அனுப்புவார்கள். பீஸ் ரேட்டில், அதாவது ஒரு பீசுக்கு இவ்வளவு கூலி என்று, தைக்கிற டெய்லர் ஒரு பண்டலை முடித்ததும் தன் சொந்த நோட்டில் ஸ்டைல் நம்பர், சைஸ், எத்தனை பீஸ் என்று குறித்துக்கொள்வார். அது பெரும்பாலும் நகைக்கடையில் கொடுத்த பாக்கெட் டைரியாக இருக்கும், இல்லாவிட்டால் பிள்ளை எழுதி மிச்சம் வைத்த ரஃப் நோட்டு. மெஷின் டேபிளுக்கு அடியில், சாப்பாட்டுப் பைக்குள், ரப்பர் பேண்ட் போட்டு இருக்கும். சனிக்கிழமை சம்பளம் என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே லைன் சூப்பர்வைசர் தன் நோட்டோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் கணக்கையும் ஒத்துப் பார்ப்பார். "மீடியம்ல ஒரு பண்டல் விட்டுப்போச்சுங்க", "அது புதன்கிழமையே எழுதியாச்சுக்கா, மேல பாருங்க" என்று பேசி, திருத்தி, இரண்டு நோட்டும் ஒத்துப்போன பிறகுதான் கவர் போடுவார்கள்.

முதலாளி பக்கத்தில் இருந்து பார்த்தால் இதில் ஆயிரம் ஓட்டை. கட்டிங் அனுப்பியது ஒரு கணக்கு, டெய்லர் நோட்டுகளைக் கூட்டினால் அதைவிட அதிகம், பேக்கிங்கில் எண்ணினால் இரண்டையும்விடக் குறைவு. எந்த ஆர்டர் எந்த மெஷினில் நிற்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஷிப்மெண்டுக்கு முந்தின நாள் ராத்திரிதான் 300 பீஸ் குறைகிறது என்று தெரியவரும். அதனால் மாற்றம் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. தேவைதான். அதைச் சொல்லாமல் தொழிலாளி பக்கம் மட்டும் பேசினால் நான் எழுதுவதற்கு அர்த்தமில்லை.

நான் அப்போது இருந்த கம்பெனியில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டேப்லெட் மாட்டினார்கள். பண்டல் சீட்டில் க்யூஆர் கோடு. டெய்லர் வேலையை முடித்ததும் ஸ்கேன் பண்ண வேண்டும், கணக்கு நேரே சர்வருக்குப் போய்விடும், சூப்பர்வைசர் எழுத வேண்டாம், ஆபீஸில் கூட்ட வேண்டாம். விற்க வந்தவர்கள் கான்ஃபரன்ஸ் ரூமில் காட்டிய டெமோ ரொம்ப நன்றாக இருந்தது. எம்.டி., ஜி.எம்., மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ் எல்லோரும் இருந்தார்கள். டெய்லர் ஒருவர்கூட இல்லை, சூப்பர்வைசர்களையும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்லெட் மாட்டி, திங்கட்கிழமை காலை மைக்கில் அறிவித்து, இனிமேல் நோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஓரத்தை மடித்துத் தைக்கிற ஃபிளாட்லாக் மெஷின் லைனில் ஒரு அக்கா. பல வருட சர்வீஸ், எந்த ஸ்டைல் கொடுத்தாலும் பாட்டம் மடிப்பு அலை அடிக்காமல் வரும். அவர் டேப்லெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திரையில் பெரிய எழுத்தில் 62 என்று சிவப்பில் இருந்தது. எஃபிஷியன்சி 62 சதவீதம் என்று அர்த்தம். அவர் கேட்டது இதுதான்: "இந்த 62-ன்னா எத்தன ரூவாங்க தம்பி?"

அதற்கு அந்த ஃப்ளோரில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. சாஃப்ட்வேர்காரர்கள் அனுப்பியிருந்த பையனுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பீஸ் ரேட் சம்பளம் இன்னொரு சாஃப்ட்வேரில் இருந்தது, இரண்டையும் அப்போது இணைக்கவே இல்லை. எஃபிஷியன்சி என்பது நிர்வாகத்துக்கு வேண்டிய நம்பர். அந்த அக்காவுக்கு வேண்டியது இன்றைக்கு எத்தனை பீஸ் ஏறியிருக்கிறது, அது எவ்வளவு காசு, சனிக்கிழமை குறைந்தால் யாரிடம் எதைக் காட்டிச் சண்டை போடுவது என்பதுதான். நோட்டு இருந்தவரை மூன்றுக்கும் பதில் அவர் கையிலேயே இருந்தது. டேப்லெட் வந்ததும் கணக்கு மொத்தமும் கம்பெனி பக்கம் போய்விட்டது, அவர் கையில் சாட்சி எதுவும் இல்லை. ஆனால் ஆபீஸில் இதற்கு வைத்த பெயர், "லேடீஸுக்கு டச் ஸ்கிரீன் பழக்கமில்லை". அந்த அக்கா ராத்திரி வீட்டுக்குப் போய் யூடியூப் பார்க்கிறவர்.

எதிர்ப்பு சத்தமாக வரவில்லை. இதை வெளியூர் மேனேஜர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கோஷம் இல்லை, மனு இல்லை, மீட்டிங்கில் கேட்டால் எல்லோரும் "சரிங்க சார்" என்கிறார்கள், அதனால் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஊரில் நல்ல டெய்லருக்குப் பிடிக்கவில்லை என்றால் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அடுத்த தெருக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். காலி மெஷின்தான் மனு. இரண்டாவது, மூன்றாவது திங்கட்கிழமைகளில் துணி விளிம்பைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் வரிசையில் காலி மெஷின்கள் கூடிக்கொண்டே போயின, ஹெச்.ஆர். அதை சீசன் அப்சென்டீசம் என்று ரிப்போர்ட்டில் போட்டது. ரேட்டைக் குறைக்கத்தான் டேப்லெட் வைத்திருக்கிறார்கள் என்று கேண்டீனில் பேச்சு. யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. மறுக்கவும் முடியாது, ஏனென்றால் எம்.டி. மனதில் அப்படி ஒரு எண்ணம் இருந்ததா இல்லையா என்று எங்களுக்கே தெரியாது.

சூப்பர்வைசர்கள் கதை வேறு. மாற்றத்தில் அடி வாங்குகிறவர்கள் நடுவில் இருக்கிறவர்கள்தான் என்பது என் கட்சி, ஆனால் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய முறையில் ஒவ்வொரு சூப்பர்வைசரிடமும் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். நன்றாக ஓடிய நாளில் 900 பீஸ் வந்தால் போர்டில் 850 என்று எழுதி, 50-ஐ ஒதுக்கி வைத்துக்கொள்வார். நாளைக்கு நூல் லேட், கரண்ட் இல்லை, நாலு பேர் லீவு என்றால் அந்த 50-ஐச் சேர்த்துக் காட்டி காலை மீட்டிங்கில் திட்டு வாங்காமல் தப்பிப்பார். இது பொய்க் கணக்கா என்றால் ஆமாம். அதே சமயம் அதுதான் அந்த லைனின் ஷாக் அப்சார்பர், மேலே இருந்து வருகிற அழுத்தம் டெய்லர் மேல் நேரே விழாமல் பார்த்துக்கொண்டது. டேப்லெட் வந்ததும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளது உள்ளபடி எம்.டி. போனில் தெரிந்தது. பதினோரு மணிக்கு நம்பர் இறங்கினால் பதினொன்றேகாலுக்கு போன். அப்புறம் எப்படி அவர் அந்த சிஸ்டம் நன்றாக ஓட வேண்டும் என்று ஆசைப்படுவார்? டேப்லெட் சார்ஜ் இறங்கிப் போவது, வைஃபை கட் ஆவது, ஸ்கேன் மறந்து போவது எல்லாம் சில லைன்களில் மட்டும் அதிகமாக நடந்தது.

சரி, அப்புறம் என்ன செய்தோம்?

முதலில் திரையை மாற்றச் சொன்னோம். 62-ஐத் தூக்கிவிட்டு, இன்றைக்கு எத்தனை பீஸ், இதுவரை எவ்வளவு ரூபாய், இந்த வாரம் மொத்தம் எவ்வளவு, இவ்வளவுதான் டெய்லருக்கு. எஃபிஷியன்சி வேண்டுமானால் ஆபீஸ் டாஷ்போர்டில் பார்த்துக்கொள்ளட்டும். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வர வேண்டும் என்று கேட்டோம், ஏனென்றால் எங்கள் செக்கிங், பேக்கிங், பாதி ஓவர்லாக் எல்லாம் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள். சாஃப்ட்வேர்காரர்கள் இது ஸ்கோப்பில் இல்லை என்று இழுத்தார்கள். பணம் கொஞ்சம் கூடப் போனது. மொத்த ப்ராஜெக்டில் உருப்படியாகச் செலவழித்த பணம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டாவது விஷயம் எம்.டி.யிடம் சண்டை போட்டு வாங்கியது. கொஞ்ச காலத்துக்கு நோட்டும் ஓடட்டும், சிஸ்டமும் ஓடட்டும், இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் நோட்டுப்படி சம்பளம். அவருக்கு இது பிடிக்கவே இல்லை. "ஏமாத்துவாங்கப்பா" என்றார். கொஞ்சம் பேர் கூட்டி எழுதவும் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வித்தியாசங்களை உட்கார்ந்து பார்த்தபோது பாதிக்கு மேல் சிஸ்டத்தின் கோளாறு. ஆல்ட்ரேஷன் பீஸ் திரும்பி வந்தால், முதலில் தைத்தவர் கணக்கில் கழித்து, சரிசெய்தவர் கணக்கில் ஏற்றாமல் விட்டிருந்தது. ஒரு டெய்லர் மதியம் வேறு மெஷினுக்கு மாறினால் அவர் பீஸ் எல்லாம் அந்த மெஷினின் பழைய ஆள் பெயரில் ஏறியது. டெமோவில் யாரும் மெஷின் மாறி உட்காருவதில்லை, நிஜத்தில் தினமும் மாறுவார்கள். நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரிந்திருக்காது, ஆட்கள் மட்டும் காணாமல் போயிருப்பார்கள்.

இதில் ஒரு நடைமுறை விஷயம். இரண்டும் ஓடுகிற காலத்துக்கு முடிவுத் தேதி போட்டே ஆக வேண்டும், அதை முதல் நாளே சொல்ல வேண்டும். தேதி இல்லாவிட்டால் அது மாதக்கணக்கில் இழுத்து ஆளுக்கு இரட்டை வேலையாகிவிடும். என் நண்பர்கள் மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான். இன்னொன்று, பழையதை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் ஃப்ளோர் இல்லை, மேலே இருக்கிறவர்கள். எங்கள் எம்.டி. சிஸ்டம் வந்த பிறகும் ராத்திரி எட்டரைக்கு ஜி.எம்.மிடம் வாட்ஸப்பில் அதே பழைய எக்செல் ஷீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்கிறவரை ஜி.எம். சூப்பர்வைசரிடம் கேட்பார், சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவார். அந்த ஒரு வாட்ஸப் மெசேஜ் நின்ற வாரம் நாலு பேர் எழுதிக்கொண்டிருந்த நோட்டு நின்றது. உங்கள் கம்பெனியில் பழைய முறை சாகவில்லை என்றால் யார் பழைய ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள்.

சூப்பர்வைசர்களுக்கு ஒரு மன்னிப்புக் காலம் கேட்டோம். இவ்வளவு நாள் ஒதுக்கி வைத்த பீஸை எல்லாம் வெளியே எடுத்துக் கணக்கில் சேருங்கள், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றோம். முதல் மாதம் நம்பர் இறங்கினால் காலை மீட்டிங்கில் யாரையும் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது என்று எம்.டி.யிடமும் பேசிவைத்தோம். அவர் ஒரு நாள் மறந்துபோய் ஒருவரைக் கத்திவிட்டார், அடுத்த நாள் அந்த லைனில் பத்து டேப்லெட் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. பிறகு அவரே அந்த சூப்பர்வைசரை உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். எந்த டிரெயினிங் ப்ரோக்ராமும் அந்த டீ அளவுக்கு வேலை செய்யவில்லை.

இதே கூத்து 1940-களில் அமெரிக்காவில் ஒரு பைஜாமா கம்பெனியில் நடந்திருப்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியும். வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊர், ஹார்வுட் என்ற கம்பெனி, சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் இருந்து வந்த பெண்கள்தான் பெரும்பாலும் ஆட்கள், பீஸ் ரேட். வேலை முறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் நின்றார்கள். அங்கே பெர்சனல் மேனேஜராக இருந்த லெஸ்டர் கோச்சும் ஜான் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளரும் சேர்ந்து ஒரு சோதனை செய்து 1948-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல முடிவை மட்டும் அறிவித்தார்கள். இன்னொரு குழுவில் பிரதிநிதிகளை வைத்துப் பேசினார்கள். மற்ற குழுக்களில் எல்லோரையும் உட்கார வைத்து, புது வேலை முறையையும் ரேட்டையும் அவர்களோடு சேர்ந்தே வகுத்தார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், உற்பத்தி எழும்பவே இல்லை. எல்லோரும் கலந்துகொண்ட குழுக்களில் ஒருவரும் விடவில்லை, உற்பத்தி பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போனது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்தது. சில மாதம் கழித்து அந்தத் தோற்ற குழுவில் மிச்சம் இருந்தவர்களையே சேர்த்து, இந்த முறை கலந்து பேசி வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதே ஆட்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். "எங்க ஆளுக சரியில்லீங்க" என்று சொல்லும் எந்த முதலாளியிடமும் இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

அதில் ஒரு உத்தி இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டேன். ஹார்வுட்டில் ஒரே மாதிரி இரண்டு உடுப்பைக் காட்டினார்கள். ஒன்று 1946-இல் தைத்தது, விற்ற விலை மற்றதைப்போல இரண்டு மடங்கு. இன்னொன்று 1947-இல் தைத்தது. எது விலை குறைந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் ஒருவராலும் முடியவில்லை, விலைப் போட்டி என்றால் என்ன என்று அதிலேயே புரிந்துவிட்டது. நான் அடுத்து போன கம்பெனியில் ஒரே ஸ்டைல் டீஷர்ட் இரண்டை டேபிளில் வைத்தேன். ஒன்று தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறியது. இன்னொன்று லேட்டாகி ஏரில் போனது, அந்த பீசுக்கு ஆன விமானச் செலவு அதைத் தைக்கக் கொடுத்த கூலியைவிட அதிகம். எந்த மெஷினில் பண்டல் நின்றது என்று தெரியாததால் வந்த செலவு இது என்று பில்லையும் காட்டினேன். கூட்டத்தில் ஒருவர், "இந்தக் காசு மிச்சமானா எங்களுக்கு என்னங்க வரும்?" என்று கேட்டார். எம்.டி. பக்கத்திலேயே இருந்தார், அங்கேயே பதில் சொல்ல வேண்டி வந்தது, ஏர் போகாத மாதத்துக்கு அட்டெண்டன்ஸ் போனஸோடு ஒரு தொகை என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கேள்வி வராத மாற்றக் கூட்டம் உருப்படாது என்பது என் அனுபவம். யாரும் கேட்கவில்லை என்றால் மனதில் பதிலை அவர்களே போட்டுக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

மற்ற தியரிகளும் படித்தேன். குர்ட் லெவின் என்ற உளவியலாளர் பெயரில் சொல்லும் உருக்கு, மாற்று, உறைய வை என்ற மூன்று கட்டம், ஜான் கோட்டர் என்ற மேனேஜ்மெண்ட் பேராசிரியர் 1990-களில் எழுதிய எட்டுப் படி, எல்லாவற்றிலும் விஷயம் இருக்கிறது. இந்த லெவினும் அந்த பைஜாமா கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தவர்தான். பிரச்சினை, கன்சல்டண்டுகள் இதைக் கொண்டுவரும் விதம். எட்டுப் படியும் ஏறியாகிவிட்டது என்று டிக் அடிக்கிறார்கள், ஆனால் ஒரு படியிலும் சம்பளக் கணக்கு வராது. இன்னொரு எரிச்சல், 70 சதவீத மாற்ற முயற்சிகள் தோற்கின்றன என்று எல்லா பிபிடியிலும் முதல் ஸ்லைடில் வருவது. மைக்கேல் ஹேமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993-இல் தங்கள் மேனேஜ்மெண்ட் புத்தகத்தில் 50 முதல் 70 சதவீதம் என்று எழுதியபோதே இது அறிவியல்பூர்வமான கணக்கில்லை, எங்கள் மதிப்பீடு என்றுதான் சொன்னார்கள். மார்க் ஹியூஸ் என்பவர் 2011-இல் அந்த நம்பர் எங்கெங்கே வருகிறது என்று தோண்டிப் பார்த்து, நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதினார். பயம் காட்டி விற்க வசதியான நம்பர் என்பதால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஹெச்.ஆர். நண்பர்களுக்குச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தில் 9ஏ என்று ஒரு பிரிவு இருந்தது (2025 நவம்பரில் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது), தொழிற்சங்கத்துக்காரர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். சம்பளம், சம்பளம் கொடுக்கும் முறை, வேலை நேரம், ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் இயந்திர மாற்றம் போன்றவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவதானால் நோட்டீஸ் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும் என்பது சாரம். வக்கீல்கள் இதைத் தலைவலி என்பார்கள். நான் அந்த 21 நாளை வரம் என்பேன். வேறு எப்போது நிர்வாகம் உட்கார்ந்து, என்ன மாறுகிறது, யாருக்கு என்ன குறைகிறது என்று எழுத்தில் போடப்போகிறது? நம் நாட்டு வங்கிகளில் கணினி நுழைவதற்கு முன்னால் 1983-இல் நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் அதற்கென்றே ஒப்பந்தம் போட்டன. எத்தனை இயந்திரம், எங்கே வைப்பது, இயக்குபவருக்கு என்ன அலவன்ஸ் என்பது வரை பேசினார்கள். இழுத்தடித்தார்கள் என்று இன்றைக்கும் கேலி பேசுகிறவர்கள் உண்டு, ஆனால் பேசி முடித்துக் கொண்டுவந்தார்கள்.

மாற்றத்தை எவ்வளவு வேகத்தில் கொண்டுவருவது என்பதற்கு நம் அக்கவுண்ட்ஸ் ஆட்களைக் கேட்டாலே போதும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 அன்று ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் வந்தது. ஜாப் ஒர்க் கொடுக்கிற நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங்காரர்கள் பலருக்கு பில் போடவே தெரியாத ஊரில் அந்த முதல் சில மாதம் எப்படி ஓடியது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஈ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிகிற முறை, அப்படி வரவில்லை. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்கள், 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20, அக்டோபரில் 10, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று படிப்படியாக இறங்கியது. சின்னக் கம்பெனிக்கு முறை வரும்போது பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற மச்சானுக்கு எல்லாம் அத்துப்படி, சாஃப்ட்வேரில் இருந்த பிழைகளும் தீர்ந்திருந்தன. ஒரு லைனில் ஆரம்பித்து அடுத்த லைனுக்குப் போவது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். அந்த முதல் லைனாக நல்ல நம்பர் காட்டும் லைனை எடுக்காதீர்கள், மற்ற சூப்பர்வைசர்கள் மதிக்கிற ஆள் இருக்கும் லைனை எடுங்கள். அவர் "பரவால்லீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற லைன்கள் தானாகக் கேட்டு வரும்.

தேதி விஷயத்தில் இன்னொன்று. தீபாவளிக்கு முந்தின மாதமும் பொங்கலை ஒட்டியும் எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஊருக்குப் போனவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்று தெரியாது, கற்றுக்கொடுத்ததெல்லாம் ரயிலேறிப் போய்விடும். ஹோலிக்கும் சட் பூஜைக்கும் வடக்கே போகிறவர்களுக்கும் இதே கதை. போர்டு ரூமில் நிதியாண்டுக் காலண்டரைப் பார்த்து கோ-லைவ் தேதி குறிக்கிறார்கள், ஃப்ளோரில் ஓடுவது பண்டிகைக் காலண்டர்.

இனிமேல் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். மாற்றி முடித்து உறைய வைப்பது என்ற கட்டமே போய்விட்டது என்று எனக்குப் படுகிறது, உறைவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ஒன்று பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கிறது. என்ன நூல், எங்கே சாயம், எங்கே தைத்தது என்ற தகவல் ஒவ்வொரு பொருளோடும் போக வேண்டும், முன்னுரிமைப் பட்டியலில் ஜவுளியும் இருக்கிறது. முழு விவரமும் வர இன்னும் காலம் ஆகும், ஆனால் பையர்கள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆக டேப்லெட் வேண்டுமா என்ற விவாதத்துக்கு இனி இடமில்லை, பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) வைத்திருக்கும் சின்ன காண்ட்ராக்டர் வரைக்கும் கணக்கு டிஜிட்டலாகத்தான் போகும். இன்னொரு பக்கம் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள் மேல் 50 சதவீத வரி போட்டபோது அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் வாரக்கணக்கில் ஸ்டைல், பையர், விலை எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. அதற்கெல்லாம் எட்டுப் படி ஏற நேரம் கிடையாது.

அதனால் மாற்றத்துக்கென்று தனி டீம், தனி ப்ராஜெக்ட், தொடக்க விழா, கேக் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று நினைக்கிறேன். வாரம் நாலு புது ஆள் சேர்ந்து மூன்று பேர் நிற்கிற ஃப்ளோரில், அரை நாளில் பக்கத்து மெஷின்காரர் சொல்லிக்கொடுத்தே பழகிவிட முடியாத எந்த சிஸ்டமும் நிற்காது, டிரெயினிங் முடிந்தது என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. ஏ.ஐ. வந்து யாரை எந்த மெஷினில் உட்கார வைக்கலாம் என்று சொல்வதையும் பார்த்தேன். நம்பர் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் இன்ன இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை, இந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை, நாலரைக்குப் பால் கொடுக்கப் போவாள் என்பதெல்லாம் சூப்பர்வைசர் தலையில் இருக்கிறது. அவரிடம் "இது சொல்றதை நீங்க மாத்தலாம், ஏன் மாத்துனீங்கன்னு மட்டும் ஒரு பட்டனை அழுத்துங்க" என்று கொடுத்த இடத்தில் அது ஓடுகிறது. மாற்றவே முடியாது என்று பூட்டி வைத்த ஒரு கம்பெனியில் டேப்லெட் மறுபடியும் சார்ஜ் இறங்க ஆரம்பித்திருக்கிறது.

இப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு மேலே கேமரா வைக்கப்போகிறார்கள், ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாம் அதுவே பிடிக்கும். கேமரா நன்றாகவே வேலை செய்கிறது, பார்த்தேன். ஆனால் செக்கர்களுக்கு இனி பீஸ் கணக்கா ஷிப்ட் சம்பளமா, கேமரா விட்ட டேமேஜை அவர் பிடித்தால் அது யார் கணக்கு, கேமரா தப்பாகப் பிடித்ததை அவர் பாஸ் பண்ணினால் யார் கேட்பார்கள் என்று எதுவும் முடிவாகவில்லை. அந்த மூன்றையும் ஒரு பேப்பரில் தமிழிலும் ஒடியாவிலும் எழுதி செக்கிங்கில் ஒட்டிய பிறகு கேமராவுக்கு கரண்ட் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஜி.எம். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.